தேள் கொட்டிய அப்பாவுக்கு ஏன் அட்ரோபின் போடவில்லை?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே உள்ள கடலோரக் கிராமம் எங்களுடையது. ராமநாதபுரத்தில் செவிலியர் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சீமைக் கருவேல விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். போன மாதம் ஒருநாள் அந்தி நேரத்தில், மூட்டத்துக்காக அடுக்கியிருந்த விறகைப் புரட்டும்போது அப்பாவின் வலது கைவிரலில் செந்தேள் கொட்டிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி. வாயில் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. சட்டையைப் பிழியலாம் என்னும் அளவுக்கு வியர்வை. மந்திரித்தால் போதும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நான் பிடிவாதமாக ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சேர்த்தபோது நாடி 54. இரண்டு மணி நேரம் கழித்து 132. ரத்த அழுத்தம் 180/110. கைகால்கள் சில்லிட்டுவிட்டன. அவருக்கு ரத்த அழுத்த நோயே கிடையாது. ஆனாலும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பிராசோசின் மாத்திரை கொடுத்து, படுக்கையை விட்டு எழவே கூடாது என்றார்கள். மறுநாள் மதியம் தேறிவிட்டார்.

எச்சில், வாந்தி, மெதுவான நாடி எல்லாம் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை என்றும், அதை அடக்குவது அட்ரோபின் என்றும் படித்திருக்கிறேன். பிறகு ஏன் அப்பாவுக்கு அதைப் போடவில்லை? பரிவு மண்டலம் வண்டியின் முடுக்கி, எதிர்ப்பரிவு மண்டலம் பிரேக் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரே ஆளிடம் ஒரே இரவில் இரண்டும் எப்படித் தலைவிரித்தாடும்? இன்னொன்று. அப்பாவுக்கு இப்போதும் எழுந்து நிற்கும்போது சில நேரம் தலை சுற்றுகிறது. நரம்பில் விஷம் தங்கிவிட்டது என்று சொல்லி ஒருவர் லேகியம் விற்கிறார். வாங்கலாமா?

பதில்:

லேகியம் வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம். தேள் விஷம் மாதக்கணக்கில் நரம்பில் குடியிருப்பதில்லை. தலைசுற்றலுக்கு வேறு காரணம் இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கடைசியில் எழுதுகிறேன்; நீங்களே வீட்டில் செய்யக்கூடியதுதான்.

அட்ரோபின் போடாதது மறதியாலும் அல்ல, மருந்துத் தட்டுப்பாட்டாலும் அல்ல. போட்டிருந்தால் அந்த இரவு இன்னும் மோசமாகியிருக்கும். காரணம் அட்ரோபின் பாடத்தில் இல்லை. அதற்கு முந்தைய பாடத்தில், மாணவர்கள் படத்தை வரைந்துவிட்டு அவசரமாகத் தாண்டிப் போகும் பாடத்தில் இருக்கிறது. நம்மைக் கேட்காமலே உள்ளுறுப்புகளை நடத்தும் இந்தப் பரிவு, எதிர்ப்பரிவு நரம்புகள் எங்கே புறப்படுகின்றன, எங்கே கைமாறுகின்றன, எங்கே போய்ச் சேருகின்றன, எங்கே போவதே இல்லை என்பதுதான் அந்தப் பாடம். கடைசிக் கேள்வியைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. உங்கள் அப்பாவின் கை ஏன் சில்லிட்டது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

விரலை மடக்கும் ஆணை தண்டுவடத்திலிருந்து தசை வரைக்கும் ஒரே நரம்புச் செல்லின் இழையில் போகிறது. நடுவில் நிறுத்தம் கிடையாது. இதயத்துக்கும் குடலுக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் போகிற ஆணை அப்படிப் போவதில்லை. அதற்கு இரண்டு செல்கள் வேண்டும். முதல் செல் மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ இருக்கும். இரண்டாவது செல் அவற்றுக்கு வெளியே, நரம்புமுடிச்சில் இருக்கும். அங்கே ஆணை கைமாறி உறுப்புக்குப் போகும். பரிவு, எதிர்ப்பரிவு இரண்டுக்கும் இது பொது. முடிச்சு எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பரிவு மண்டலத்தின் முதல் செல்கள் தண்டுவடத்தின் நடுப்பகுதியில் மட்டுமே இருக்கின்றன: மார்புப் பகுதியின் முதல் கண்டத்திலிருந்து (துண்டிலிருந்து) இடுப்புப் பகுதியின் இரண்டாவது கண்டம் வரை. கழுத்துப் பகுதியில் இல்லை, அடிப்பகுதியிலும் இல்லை. ஆனால் நெற்றி வியர்க்கிறது, உள்ளங்காலும் வியர்க்கிறது. நடுவில் புறப்பட்ட ஆணை மேலேயும் கீழேயும் போகவேண்டுமே! அதற்காகத்தான் முதுகெலும்பின் இரு பக்கமும், மண்டையோட்டின் அடியிலிருந்து வால் எலும்பு வரை, நரம்புமுடிச்சுகளின் சங்கிலி ஒன்று ஓடுகிறது. வால் எலும்பின் முன்னால் இரண்டு சங்கிலிகளும் ஒன்றுசேர்ந்து முடிகின்றன. கண்ணின் பாவையை விரிக்கும் ஆணை மார்பின் மேற்பகுதியில் புறப்பட்டு, சங்கிலியில் ஏறி, கழுத்தின் உச்சியில் உள்ள முடிச்சில் கைமாறி, கழுத்துத் தமனியைச் சுற்றிக்கொண்டு தலைக்குள் போகிறது. நுரையீரலின் நுனியில் புற்றுநோய் வந்த சிலருக்குக் கண்ணிமை சரிந்து, பாவை சுருங்கி, முகத்தின் அந்தப் பாதி மட்டும் வியர்க்காமல் போவது இதனால்தான். நோய் நெஞ்சில், அறிகுறி முகத்தில். நரம்பு போகும் பாதையை அறியாதவர் அங்கே கண் மருத்துவரைத் தேடி ஓடுவார்.

இந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்க்க முடியும். உள்ளங்கை ஓயாமல் வியர்த்து, பேனா பிடிக்கவே முடியாமல் தவிப்பவர்களுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை உண்டு. மார்புக்கூட்டுக்குள் கேமரா செலுத்தி, நுரையீரலைச் சற்று ஒதுக்கினால், விலா எலும்புகளின் தலைப்பகுதி மேல் மெல்லிய சவ்வுக்கு அடியில் வெளுத்த இழை ஒன்று இறங்குவது தெரியும். இடையிடையே சிறு புடைப்புகள், அவைதான் முடிச்சுகள். மேல் விலாக்களின் மட்டத்தில் அதைத் துண்டித்தால் உள்ளங்கை உலர்ந்துவிடும். கூடவே இன்னொன்றும் நடக்கும்: கை கதகதப்பாகிவிடும். ஏனென்றால் கையின் ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ஆணையும் அதே இழையில்தான் போகிறது. இதை நினைவில் வையுங்கள். (பலருக்குப் பிறகு முதுகும் வயிறும் அளவுக்கு மீறி வியர்க்கத் தொடங்கும் என்பது தனிக்கதை. அந்த அறுவைச் சிகிச்சைக்கு நான் அவ்வளவு எளிதில் யாரையும் அனுப்புவதில்லை.)

வயிற்று உறுப்புகளுக்குப் போகும் பரிவு நரம்புகள் சங்கிலியில் நிற்காமல் அதைக் கடந்து, பெருந்தமனிக்கு முன்னால் உள்ள வேறு சில முடிச்சுகளில் கைமாறுகின்றன. எப்படியானாலும் முடிச்சு தண்டுவடத்துக்கு அருகில், உறுப்புக்குத் தொலைவில். முதல் இழை குட்டை, இரண்டாவது இழை நீளம். முதல் செல் ஒன்று பல முடிச்சுகளில் கிளைவிட்டுப் பல இரண்டாம் செல்களைத் தூண்டுகிறது. ஓர் ஆணை புறப்பட்டால் அது பரவலாகப் போகும்.

பரவியது போதாதென்று இன்னோர் ஏற்பாடும் உண்டு. சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிக்குப் பரிவு மண்டலத்தின் முதல் இழையே நேராக வந்துவிடுகிறது. நடுவில் முடிச்சு இல்லை. காரணம், அந்தச் சுரப்பியின் செல்களே இழையை இழந்த இரண்டாம் நரம்புச் செல்கள்தான். நீட்ட இழை இல்லாததால் அவை தங்கள் சரக்கை ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு அட்ரினலின், மீதி பெரும்பாலும் நார்அட்ரினலின். நரம்பு எட்டாத செல்லையும் ரத்தம் எட்டும்.

எதிர்ப்பரிவு மண்டலம் இதற்கு நேர்மாறான அமைப்பு. முதல் செல்கள் இரு கோடிகளில் இருக்கின்றன: மேலே மூளைத்தண்டில், கீழே தண்டுவடத்தின் அடிநுனியை ஒட்டிய திரிகப் பகுதியில். 12 இணை மூளை நரம்புகளில் நான்கு மட்டுமே இந்த இழைகளைச் சுமக்கின்றன. மூன்றாவது நரம்பு கண்பாவையைச் சுருக்கும். ஏழாவது கண்ணீரையும், நாக்குக்கும் தாடைக்கும் அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கவனிக்கும். ஒன்பதாவது, காதுக்கு முன்னால் உள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியை. பத்தாவதாகிய வேகஸ் கழுத்து, மார்பு, வயிறு என்று இறங்கி, இதயம், மூச்சுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடலின் பாதிக்கு மேல் வரை போய்விடுகிறது. உடலின் எதிர்ப்பரிவு இழைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த ஒரு நரம்பில்தான் இருக்கிறது. ஆனால் வேகஸின் இழைகளில் பெரும்பாலானவை ஆணை கொண்டுபோவதில்லை, செய்தி கொண்டுவருகின்றன. இதைப் பாடப்புத்தகங்கள் ஓரமாக ஒரு வரியில் முடித்துவிடும். பெருங்குடலின் மீதி, சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு ஆகியவற்றைத் திரிகப் பகுதியின் 2, 3, 4 கண்டங்கள் கவனிக்கின்றன.

இங்கே முடிச்சு உறுப்புக்கு அருகில், பல இடங்களில் உறுப்பின் சுவருக்குள்ளேயே இருக்கிறது. முதல் இழை நீளம், இரண்டாவது குட்டை. ஒரு முதல் செல் மிகச் சில இரண்டாம் செல்களையே தொடுகிறது. ஆகவே, கண்பாவையை மட்டும் சுருக்கு, மற்றதைத் தொடாதே என்று சொல்ல முடியும். பந்திக்கு முன்னால் வாயில் எச்சில் ஊறும்போது சிறுநீர்ப்பை தன்பாட்டுக்கு இருக்கிறதல்லவா?

இப்போது அந்த நான்காவது கேள்விக்கு வருவோம். எதிர்ப்பரிவு நரம்பு எங்கே போவதில்லை? கைக்குப் போவதில்லை. காலுக்குப் போவதில்லை. தோலின் வியர்வைச் சுரப்பிக்கும், மயிர் சிலிர்க்க வைக்கும் தசைக்கும், உடலின் மிகப் பெரும்பாலான ரத்தக்குழாய்களுக்கும் போவதில்லை. அங்கெல்லாம் பரிவு மண்டலத்தின் தனியாட்சி. குழாய் விரியவேண்டுமானால் பெரும்பாலும் விரிக்கும் ஆணை வருவதில்லை. இறுக்கும் ஆணை தளர்கிறது, அவ்வளவுதான்.

இந்த வரைபடத்தைப் பெருமளவு வரைந்தவர் கேம்பிரிட்ஜின் உடலியலாளர் ஜான் லாங்லி. புகையிலையில் உள்ள நிக்கோட்டினை நரம்புமுடிச்சின்மேல் தடவினால் ஆணை அங்கேயே நின்றுபோவதை 1889-இல் டிக்கின்சனுடன் சேர்ந்து கண்டார். தடவிய பிறகு எந்த உறுப்பு பேசாமல் போகிறதோ அதற்கான இழை அந்த முடிச்சில் கைமாறுகிறது என்று பொருள்; வெறுமனே கடந்துபோகும் இழைக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஒவ்வொரு முடிச்சாகத் தடவித் தடவிப் பாதைகளைப் பிரித்தார். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் இது எனக்கு இன்றும் வியப்பு.

வேதிப்பொருள்கள் விஷயம் நீங்கள் படித்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1921-இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார். நரம்பு தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது என்பது அதில் உறுதியாயிற்று. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். இரண்டு மண்டலங்களிலும் முதல் செல் பேசுவது அசிட்டைல்கோலினில்தான். எதிர்ப்பரிவின் இரண்டாம் செல்லும் அதே. பரிவின் இரண்டாம் செல் பெரும்பாலும் நார்அட்ரினலின். விதிவிலக்கு வியர்வைச் சுரப்பி: பரிவு நரம்புதான் போகிறது, ஆனால் அசிட்டைல்கோலினைத்தான் விடுகிறது. இந்த ஒரு விதிவிலக்கு தெரியாததால்தான் ‘அப்பாவுக்கு வியர்வை கொட்டியது பரிவா, எதிர்ப்பரிவா’ என்று பலர் குழம்புகிறார்கள்.

இனி அப்பாவின் மருத்துவக் குறிப்பைத் திறப்போம்.

நம் பக்கத்துச் செந்தேள் அளவில் சிறியது. பார்த்தவுடன் அலறவைக்கும் கறுத்த நட்டுவாக்காலியைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படவேண்டும். இதன் விஷம் நரம்பு இழைகளில் சோடியம் உள்ளே நுழையும் கதவுகளை மூடவிடாமல் செய்கிறது. கதவு மூடாத நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டுக் கொண்டே இருக்கும். மூளை கட்டளையிடவில்லை, நரம்பு நுனிகளே தம் கையிருப்பைக் கொட்டுகின்றன. விஷத்துக்குப் பரிவு, எதிர்ப்பரிவு என்ற பாகுபாடு கிடையாது. இரண்டிலும் கொட்டும். ஒரே இரவில் இரண்டும் எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

முதலில் மேலோங்கித் தெரிந்தது அசிட்டைல்கோலின். ஏழாவது, ஒன்பதாவது நரம்புகள் வழியே எச்சில், வேகஸ் வழியே மெதுவான நாடி, கூடவே வாந்தி, பரிவு நரம்பு வழியே, ஆனால் அதே அசிட்டைல்கோலினால், வியர்வை. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்தக் கட்டத்தில் ஆண்குறி விறைத்து நிற்பதும் உண்டு. திரிகப் பகுதி நரம்புகளின் வேலை. மகள் எழுதும் கடிதத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேள் கொட்டிய சிறுவனைத் தூக்கிவரும் பெற்றோர் கூச்சப்பட்டு இதை மறைத்துவிடுகிறார்கள். விஷம் உடலெங்கும் ஏறிவிட்டது என்பதற்கு அது தெளிவான அடையாளம். தயங்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கட்டம் தானாகவே சில மணி நேரத்தில் தணியும். பெரும்பாலும் ஆளைக் கொல்வது அது அல்ல. கொல்வது பின்னால் வருவது. நாடி 132 ஆனதும் அழுத்தம் 180-க்கு ஏறியதும் கைகால் சில்லிட்டதும் பரிவு மண்டலம் மேலெழுந்த நேரம். பரிவு நுனிகளிலிருந்து நார்அட்ரினலினும், அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் வெள்ளமாக வந்து உடம்பின் குழாய்களையெல்லாம் இறுக்கிவிட்டன. கைகால் குழாய்களில் அதை எதிர்க்க வேறு நரம்பே இல்லை; ரத்தம் வராமல் கை சில்லிட்டது. சுருங்கிய குழாய்களை எதிர்த்து இதயம் ரத்தத்தைத் தள்ளவேண்டும். அட்ரினலின் அந்த இதயத்தையே வேறு அடித்து விரட்டுகிறது. இதயத் தசையும் நோகிறது. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இளஞ்சிவப்பு நுரையோடு இருமல் வரும். தேள்கடியில் சாவு பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

இந்த நிலையில் அட்ரோபின் என்ன செய்யும்? எச்சிலையும் வியர்வையையும் வற்றவைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இதயத்தில் வேகஸின் பிடியை விடுவித்துவிடும். ஏற்கெனவே விரட்டப்படும் இதயத்துக்கு இருந்த ஒரே கட்டுப்பாடும் போய்விடும். சுருங்கிய குழாயை அது ஒரு நூல் அளவும் தளர்த்தாது. அங்கே அசிட்டைல்கோலினுக்கு வேலையே இல்லையே. ஆகவேதான் நாடி உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கினால் தவிர, செந்தேள் கடிக்கு அட்ரோபினைத் தொடுவதில்லை.

நீங்கள் குழம்பியதில் தவறில்லை. வார்டில் இதே எச்சிலும் வியர்வையுமாக இன்னொருவரைப் பார்த்திருப்பீர்கள்: முண்டு மிளகாய்க்கோ பருத்திக்கோ தெளிக்கும் பூச்சிமருந்தைக் குடித்தவர், அல்லது முகத்தை மூடாமல் தெளித்தவர். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். அங்கே நோயே அசிட்டைல்கோலின் மிகுதிதான். ஊசிமுனைபோல் சுருங்கிய பாவை, நுரையீரல் நிறையச் சுரப்பு. அந்த நீர் மூச்சுக்குழல் சுரப்பிகளிலிருந்து வருவது. அதை வற்றவைக்கும் அட்ரோபின் உயிர் காக்கும் மருந்து, நெஞ்சு தெளிகிறவரை கொடுத்துக்கொண்டே போவார்கள். தேள் கொட்டியவரின் நுரையீரலில் இருப்பதும் நீர்தான். ஆனால் அது தோற்றுப்போகும் இதயத்திலிருந்து பின்வாங்கியது. அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பேர், ஸ்டெதாஸ்கோப்பில் ஒரே சத்தம், மருந்து நேரெதிர்.

பிராசோசின், பரிவு நரம்பின் ஆணையை ரத்தக்குழாய் வாங்கும் இடத்தில், அதாவது ஆல்பா ஏற்பியில், மறிக்கிறது. குழாய் தளர்கிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது. இதைத் தேள்கடிக்குப் பயன்படுத்திக் காட்டியவர் மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் மகாட் என்ற சிற்றூரின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து மணிக்கு மணி குறித்துவைத்த குறிப்புகள் 1980-களில் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. அதற்கு முன் விஷம் கடுமையாக ஏறியவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இறந்துகொண்டிருந்தார்கள். இன்று நேரத்தோடு வந்தால் இறப்பு மிக அரிது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தாமதம்தான், இருக்கட்டும். தேள் விஷமுறிவு மருந்தும் இருக்கிறது. பிராசோசினுடன் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் தேறுகிறார்கள் என்று 2011-இல் அவரே காட்டினார்.

எழுந்திருக்கக் கூடாது என்றதும் இதே கணக்குத்தான். குழாய்களை இறுக்கும் ஆணையை மறித்துவிட்ட ஆள் எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கி மயங்கி விழுவார். உங்கள் அப்பாவின் உள்ளங்கையையும் பாதத்தையும் செவிலியர்கள் அடிக்கடி தொட்டுப் பார்த்திருப்பார்களே? கையும் காலும் கதகதப்பானால் மருந்து வேலை செய்கிறது, ஆள் தப்பிக்கிறார் என்று அர்த்தம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், புறங்கை போதும்.

அந்த முடுக்கி, பிரேக் உவமையை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இதயத்துக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும். இதயத்தைத் தன்பாட்டுக்கு விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 துடிக்கும். 70-க்கு இறக்கி வைத்திருப்பது ஓயாத வேகஸ். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர் சும்மா படுத்திருக்கும்போதும் 90, 100 என்று நாடி ஓடுவது அங்கே வேகஸ் அறுபட்டுப் போனதால்தான். ஆனால் தோலுக்கு வந்தால் உவமை உடைந்துபோகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியிலோ இரண்டு நரம்புகளுமே சுரக்கத்தான் வைக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் மும்முரமாக வேலை செய்வதற்கு விஷமும் தேவையில்லை. உங்கள் அம்மாவையே பாருங்கள்.

விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மரிக்கொழுந்துப் பாசிக்காக மூழ்குகிறாரே, முகம் நீருக்குள் போய் மூச்சு நின்றதும் முகத்தின் உணர்வு நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. வேகஸ் இதயத்தை மெதுவாக்குகிறது. அதே நொடியில் பரிவு மண்டலம் கைகால்களின் குழாய்களை இறுக்கி, இருக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. ஓர் உறுப்பில் ஒன்று, மற்றோர் உறுப்பில் மற்றொன்று. இரண்டும் ஒரே காரியத்துக்காக. மன்னார் வளைகுடாவின் நீர் குளிர்ந்தது அல்ல. ஆகவே குளிர்நாட்டு முக்குளிப்பவர்களிடம் காணும் அளவுக்கு இது கூர்மையாக இராது. ஆனாலும் உண்டு. (மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிடும் பழக்கம் அவரிடம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகி, நீருக்கடியிலேயே நினைவு தப்பலாம்.)

தேர்வுக்கு ஒரு வார்த்தை. திரிகப் பகுதி நரம்புகள் உண்மையில் பரிவு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று எலிக் கருக்களை ஆராய்ந்த ஒரு குழு 2016-இல் எழுதியது, வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் விடைத்தாளில் எதிர்ப்பரிவு என்றே எழுதுங்கள். மதிப்பெண் போகவேண்டாம்.

ஊரில் இனி யாருக்காவது கொட்டினால்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றுங்கள். கையையோ காலையோ அசைக்காமல் வைத்துப் புறப்படுங்கள். மந்திரிப்பவர் வீட்டில் வீணாகும் ஒரு மணி நேரம் விலை மதிப்பற்றது. வலி எவ்வளவு என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. வாந்தி, எச்சில், வியர்வை, சில்லிட்ட கைகால் இவற்றைப் பாருங்கள். குழந்தை என்றால் எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அப்பா விறகைப் புரட்டும்போது தடித்த கையுறையும் மூடிய காலணியும் போடட்டும். புற ஊதா ஒளி வீசும் சிறிய டார்ச் கடைகளில் கிடைக்கிறது. இருட்டில் அடித்தால் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். மூட்டம் அடுக்குமுன் ஒரு சுற்று அடித்துப் பார்க்கலாம்.

இனி அந்தத் தலைசுற்றல். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்விகள் அழுத்தம் குறைவதை ஒன்பதாவது, பத்தாவது நரம்புகள் வழியே மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. வேகஸ் பிடியைத் தளர்த்துகிறது, பரிவு நரம்புகள் குழாய்களை இறுக்குகின்றன. பாதை முழுவதும் சரியாக இருந்தால் நமக்குத் தெரியாமலே இது முடிந்துவிடும். அந்தப் பாதையைச் சோதிக்க ரத்த அழுத்தமானியும் கைக்கடிகாரமும் போதும். அப்பாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தத்தையும் நாடியையும் குறியுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி குறியுங்கள். விழாமல் பிடித்துக்கொள்ள அருகில் ஒருவர் இருக்கட்டும். மேல் அழுத்தம் 20-ஓ கீழ் அழுத்தம் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் அது கணக்கில் கொள்ளவேண்டிய இறக்கம்.

அப்போது நாடியைப் பாருங்கள். அழுத்தம் இறங்கும்போது நாடி விறுவிறுவென்று ஏறினால் நரம்பு தன் வேலையைச் செய்கிறது. உடம்பில் நீர்தான் போதவில்லை. மூட்டத்துச் சூட்டில் நாளெல்லாம் வியர்ப்பவருக்கு இதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தண்ணீரும் மோரும் உப்பும் கூட்டிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து மீண்டும் அளக்கவும். ரத்தசோகையையும் ஒரு பரிசோதனையில் பார்த்துவிடலாம். அழுத்தம் இறங்கியும் நாடி அசையாமல் நின்றால், நரம்பே பழுதாகியிருக்கலாம். அதற்கு நம் பக்கத்தில் முதல் சந்தேகம் பல ஆண்டுகளாகக் கண்டுகொள்ளாமல் விட்ட சர்க்கரை நோய்மீது. அப்படியானால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விஷம் தாக்கிய இதயம் முழுதும் மீண்டதா என்று அறிய எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) ஒருமுறை எடுத்துவிடவேண்டும். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள். குறித்த தாளையும் மருத்துவமனைக் குறிப்பையும் சேர்த்து, அன்றிரவு பார்த்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.